ஓவியத்துக்குள் நடக்கலாமா? வாசகர் கேள்வி–பதில்

அருங்காட்சியகங்களில் பழைய ஓவியங்களைச் சுவர் முழுக்க ஒளியாக விரிக்கும் காட்சிகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில், வேலையில் இறங்கப் போகிறவர்கள் கேட்டவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

எங்களிடம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரத்தில் ஒரு காலி அறை இருக்கிறது. நீளச் சுவர் ஒன்று முழுக்க ஓவியம் விரிய வேண்டும். இரண்டு புரொஜெக்டர் போதும் என்கிறார் ஒருவர். ஐந்து வேண்டும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?
— ஓர் அருங்காட்சியகக் காப்பாளர்

இருவரையும் விட்டுவிட்டு டேப்பை நம்புங்கள். மூன்று போதும்.

படம் தரையிலிருந்து 80 செ.மீ. மேலே தொடங்கி 3 மீட்டர் உயரம் எழட்டும். 1920×1200 பிக்சல் புரொஜெக்டரில் 3 மீட்டர் உயரத்துக்கு 4.8 மீட்டர் அகலம் கிடைக்கும். மூன்றும் சேர்ந்தால் 14.4 மீட்டர். சுவர் 12 தான். மிஞ்சும் 2.4 மீட்டரை இரண்டு சந்திப்புகளுக்குப் பங்கிட்டால், ஒவ்வொரு சந்திப்பிலும் 1.2 மீட்டர் ஒன்றின்மேல் ஒன்று படியும். அந்தப் பட்டைக்குள்தான் ஒரு படம் மெல்ல மங்க, அடுத்தது மெல்ல எழும், தையல் மறையும். இரண்டே புரொஜெக்டரில் முடிக்க ஒவ்வொரு படமும் 6.6 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். அப்போது உயரம் 4.1 மீட்டர். உங்கள் கூரையே 4 மீட்டரில் நிற்கிறது. ஐந்து என்றவர் மற்றச் சுவர்களையும் சேர்த்து எண்ணியிருப்பார்.

அடுத்தது நிழல். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். லென்ஸ் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பட அகலத்தால் வகுத்து ‘த்ரோ விகிதம்’ என்பார்கள். விகிதம் 1.5 என்றால் 4.8 மீட்டர் படத்துக்கு 7.2 மீட்டர் தள்ளி மாட்ட வேண்டும். 3.5 மீட்டர் உயரத்தில் மாட்டினால், 1.7 மீட்டர் உயரமுள்ளவர் சுவருக்கு 2.4 மீட்டர் நெருங்கியதுமே அவர் தலை படத்தில் விழும். 0.7 விகித லென்ஸ் போட்டால் நிழல் 1.1 மீட்டரில்தான் தொடங்கும். பார்வையாளர் சுவரை நெருங்கத்தான் வருகிறார் என்பதால், லென்ஸுக்குச் செலவழிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். எந்த லென்ஸானாலும் மேல்–கீழ் லென்ஸ் ஷிஃப்ட், அதாவது புரொஜெக்டரைச் சாய்க்காமலே படத்தை மேலும் கீழும் நகர்த்தும் வசதி, உண்டா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் புரொஜெக்டரைச் சாய்த்து, கோணலான படத்தை ‘கீஸ்டோன்’ திருத்தம் போட்டுச் செவ்வகமாக்க வேண்டிவரும். அதில் பிக்சல்கள் வீணாகும்.

வெளிச்சத்துக்கு ஒரு சின்ன வகுத்தல் போதும். ஒரு புரொஜெக்டர் உமிழும் மொத்த ஒளி 7,000 லூமன் என்றால், அதை ஒரு படத்தின் பரப்பான 14.4 சதுர மீட்டரால் வகுத்தால் சுவரில் சதுர மீட்டருக்கு 486 லூமன், அதாவது 486 லக்ஸ் விழும். அறையில் வேறு வெளிச்சம் 5 லக்ஸ் மட்டுமே இருந்தால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் 98 மடங்கு வித்தியாசம். பக்கத்து அறையிலிருந்து கதவு வழியே 50 லக்ஸ் கசிந்தால் அதுவே 11 மடங்காகச் சுருங்கிவிடும், கறுப்பு சாம்பலாகும். புரொஜெக்டரை மாற்றுவதற்கு முன் கதவுக்கு ஒரு வளைவுப் பாதையும் கனமான திரையும் போடுங்கள். படம் விழும் சுவருக்கு மினுமினுப்பில்லாத வெளிர்சாம்பல் பூச்சு, மற்றச் சுவர், கூரை, தரைக்கு அடர்சாம்பல். வெள்ளைக் கூரை படத்தின் வெளிச்சத்தைத் திருப்பி அதே படத்தின்மேல் கொட்டும்.

கூர்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன அளவில் ஒரு பிக்சல் 2.5 மி.மீ. நல்ல கண்ணுக்கு அது எட்டரை மீட்டர் வரை பிரிந்து தெரியக்கூடியது. ஓடும் வண்ணங்களில் யாரும் கவனிக்க மாட்டார்கள். எழுத்திலும் மெல்லிய கோட்டிலும் ஓரம் படிக்கட்டுபோல் தெரியும். ஓவியரின் தூரிகைக் கோடுகளைத்தான் காட்டப்போகிறீர்கள் என்றால் 4கே வகை வாங்குங்கள். அதில் இந்தத் தூரம் பாதியாகிவிடும்.

திறந்த முதல் வாரம் அருமையாக இருந்தது. இரண்டு மாதத்தில் சந்திப்புகளில் உருவங்கள் இரட்டையாகத் தெரிகின்றன. பிற்பகலில் ஒரு புரொஜெக்டர் தானாக மங்குகிறது.
— தொழில்நுட்ப உதவியாளர்

இரட்டை உருவத்துக்குக் காரணம் தாங்கி. 7.2 மீட்டர் தூரத்தில் புரொஜெக்டர் 0.05 டிகிரி சாய்ந்தால் படம் 6 மி.மீ. நகரும், அதாவது இரண்டரை பிக்சல். பொய்க்கூரையில் தொங்கவிட்டிருந்தால் ஏசி ஓடும் அதிர்வே இந்தச் சாய்வுக்குப் போதும். கான்கிரீட்டிலோ இரும்பு உத்தரத்திலோ நேரடியாகப் பிடித்து, கோண நட்டுகளைப் பூட்டிவிடுங்கள். பொருத்தும் நாளில் புரொஜெக்டர்கள் சூடாக அரை மணி நேரம் விட்டு, கட்டம்போட்ட படத்தை ஓடவிட்டு, அதன் பிறகே சந்திப்புகளைச் சரிசெய்ய வேண்டும். குளிர்ந்த நிலையில் சரிசெய்தால் லென்ஸ் சூடேறியதும் கலைந்துபோகும்.

பிற்பகலில் மங்குவது வெப்பத்தால்தான் இருக்கும். ஒவ்வொன்றும் 700 வாட் என்றால் மூன்றும் சேர்ந்து 2.1 கிலோவாட் சூட்டை அறையில் கொட்டுகின்றன, கணினிகள் தனி. ஒரு டன் ஏசி ஏறக்குறைய 3.5 கிலோவாட்டைத்தான் வெளியே தள்ளும், அறையில் நிற்கும் முப்பது பேர் உடல்சூடும் அதில்தான் சேரும். சூடான காற்று கூரையடியில் தேங்கும், புரொஜெக்டரும் அங்கேதான் தொங்கும். தன்னைக் காத்துக்கொள்ள அது ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. முதலில் தூசி வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். தரைக்கம்பளம் உள்ள அறையில் மாதம் ஒருமுறை சுத்தம் செய்தாக வேண்டும்.

கறுப்புக் காட்சியில் சந்திப்புப் பட்டை மட்டும் சாம்பலாகத் தெரிகிறதா? புரொஜெக்டரின் கறுப்பிலும் கொஞ்சம் ஒளி உண்டு. இரண்டு கறுப்பு சேரும் இடத்தில் அது இரட்டிப்பாகும். மென்பொருளில் ‘பிளாக் லெவல்’ திருத்தம் இருக்கும், மற்ற இடங்களின் கறுப்பைச் சற்று உயர்த்திச் சமன்செய்துவிடும்.

மூல ஓவியத்தின் மேலேயே ஒளியைப் பாய்ச்சி, மங்கிய வண்ணங்களை மீட்டுக் காட்டலாமா?
— கலை வரலாறு மாணவி

காட்டியிருக்கிறார்கள். அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக வரைந்த சுவரோவியங்களில் இருந்த ஒரு சிவப்பு நிறமி வெயிலில் வெளுத்துப்போனது. 2014இல் ஹார்வர்டு கலை அருங்காட்சியகத்தில், இழந்த நிறத்தைப் பிக்சல் பிக்சலாகக் கணக்கிட்டு, ஐந்து ஓவியங்கள் மீதும் வண்ண ஒளியாகப் பாய்ச்சினார்கள். ஓவியம் தீட்டிய கேன்வாஸ் துணியை யாரும் தொடவில்லை. தினமும் மாலை 4 மணிக்கு ஒளியை அணைத்துவிடுவார்கள். வெளுத்த ஓவியம் அப்படியே வெளிப்படும். பார்வையாளருக்கு இரண்டும் கிடைத்தன. அணைத்தது பாய்ச்சியதைவிட நல்ல யோசனை என்போம்.

ஆனால் எல்லா ஓவியமும் இதைத் தாங்காது. தாளில் தீட்டிய நீர்வண்ணம், சாயத்துணி போன்றவற்றுக்கு வழக்கமான உச்ச அளவு 50 லக்ஸ். எண்ணெய் வண்ணத்துக்கு 200. அந்தந்த நேரத்து லக்ஸைவிடக் கவனிக்க வேண்டியது, ஆண்டு முழுக்கச் சேரும் ஒளி. மிக எளிதில் வெளுக்கும் பொருள்களுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி (லக்ஸை மணி நேரத்தால் பெருக்கியது), நடுத்தர வகைக்கு 1.5 லட்சம் என்று பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் (CIE) பரிந்துரைக்கிறது. முதல் பதிலில் வந்த 486 லக்ஸை, மிக எளிதில் வெளுக்கும் நிறமி உள்ள ஒரு பழைய நீர்வண்ண ஓவியத்தின் மேல் நாளுக்கு 8 மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஓராண்டுக்கான ஒதுக்கீடு நான்காம் நாள் மாலைக்குள் தீர்ந்துவிடும். எனவே தாள், துணி என்றால் பிரதியின் மேல் பாய்ச்சுங்கள். மூலத்தைப் பக்கத்து அறையில் வையுங்கள்.

ஒளிக்காட்சியைப் பார்த்துவிட்டு, மூல ஓவியங்கள் இருக்கும் அறையை நிற்காமலே கடந்துபோகிறார்கள். காட்சியே ஓவியத்தைத் தின்றுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.
— கண்காட்சி அமைப்பாளர்

நியாயமான பயம். 12 மீட்டர் ஓவியத்தில் நனைந்து வந்தவர் கண்ணுக்கு முழங்கை நீள ஓவியம் அஞ்சல்தலைபோல்தான் இருக்கும். மோனாலிசாவே 77×53 செ.மீ. தானே. இதைச் சரிசெய்யும் இடம் காட்சியின் கடைசி ஒன்றரை நிமிடம். பெரும்பாலான காட்சிகள் அங்கேதான் இசையை உச்சத்துக்கு ஏற்றிச் சுவரெங்கும் வண்ணத்தை வாரியிறைக்கின்றன. அதைத் தலைகீழாக்குங்கள். இசை அடங்கட்டும். படம் சுருங்கிக்கொண்டே வந்து, மூல ஓவியத்தின் அசல் அளவில், கண் மட்டத்தில், இருண்ட சுவர் நடுவில் 20 நொடி அசையாமல் நிற்கட்டும். கடைசியாக அதில் ஒரே ஒரு மூலையை மட்டும் கறுப்பாக்கிவிட்டு விளக்கைப் போடுங்கள். அந்த மூலையில் என்ன இருந்தது என்று பார்க்க அடுத்த அறைக்குத்தான் போக வேண்டும்.

ஒளியையும் நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். இருட்டிலிருந்து வெளியே வரும் கண்ணுக்கு 50 லக்ஸ் ஓவியம் பிரகாசமாகத் தெரியும். வெயிலிலிருந்து நேரே வருபவருக்கு அதே ஓவியம் இருட்டுக் குழி. அதனால் காட்சி முதலில், மூலம் அடுத்து. இடையில் ஜன்னலோ, விற்பனைக் கடையோ, வெள்ளை விளக்கு எரியும் நடையோ கூடாது. கடைசி நிமிடத்தில் அடர்சிவப்பு, அடர்நீலம் பாய்ச்சினால் அந்த நிறத்துக்குக் கண் களைத்துப்போகும். மூலத்தின் வண்ணம் மாறித் தெரியும். மென்மையான சாம்பல், பழுப்பில் முடியுங்கள்.

மற்றபடி, இதழ்கள் உதிர்வதும் பறவைகள் பறப்பதும் எல்லா ஓவியருக்கும் ஒன்றுபோல்தான் இருக்கும். அந்த ஓவியத்துக்கு மட்டுமே உரியது எது? அகச்சிவப்புப் படத்தில் தெரியும், வண்ணத்துக்கு அடியில் இருக்கும் கோட்டுவரைவு, ஓவியர் வரைந்துவிட்டு மறைத்த கை, எக்ஸ்-கதிரில் எழும் வேறொரு முகம், சாய்ந்த வெளிச்சத்தில் மலைத்தொடர்போல் எழும் வண்ணத் திட்டுகள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் ரெம்ப்ராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 8,439 படங்களாக எடுத்து, 2022இல் 717 கிகாபிக்சல் படமாக வெளியிட்டது. ஒரு பிக்சலுக்கு 5 மைக்ரோமீட்டர். அந்த நெருக்கத்தில் நிறமித் துகள்களே கூழாங்கற்கள்போல் தெரியும். சுவரில் விரிக்க இதைவிட என்ன வேண்டும்?

நாங்கள் அவ்வளவு எடுக்க முடியாது. 60×45 செ.மீ. ஓவியத்தை எந்த அளவில் படமெடுத்தால் போதும்?
— புகைப்படக் கலைஞர்

உங்கள் சுவர் 12 மீட்டர், 4,800 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஓவியம் முழு அகலத்துக்கு விரிய அங்குலத்துக்கு 203 பிக்சல் போதும். ஆனால் காட்சியில் ஒரு முகத்தை நான்கு மடங்கு நெருங்கிப் பார்ப்பீர்கள். அப்போது 800 வேண்டும். 45 மெகாபிக்சல் கேமராவில், 30 சதவீதம் ஒன்றோடொன்று படியும்படி, 3×4 என்று 12 படங்களில் முடியும். கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தித் திருப்பாதீர்கள். ஓவியத்துக்கு இணையாக நகர்த்துங்கள், இல்லையேல் ஓரங்கள் குவியம் தப்பும். சாம்பல் அட்டையை நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்து வெளிச்சம் சமமா என்று பார்த்துவிட்டு, 24 கட்ட வண்ண அட்டையோடு ஒரு படம், ரா (கேமரா பதிந்த மூலத் தரவு) கோப்பாக.

வார்னிஷ் பளபளத்தால் விளக்குகளுக்குப் போலரைசிங் தாள், லென்ஸுக்கு அதற்குக் குறுக்கான போலரைசர். பளபளப்பு துடைத்ததுபோல் போய்விடும். இதில் ஒரு பள்ளம் உண்டு: தங்க ரேக்கு ஒட்டிய இடங்களும் செத்துப் பழுப்பாகிவிடும், ஏனென்றால் தங்கத்தின் அழகே அந்தப் பிரதிபலிப்புதான். அவற்றுக்குப் போலரைசர் இல்லாமல் இன்னொரு தொகுதி எடுத்து, கணினியில் இரண்டையும் கலக்க வேண்டும்.

பணம் அதிகமில்லை. புரொஜெக்டர் அறையெல்லாம் கனவு. வேறு வழி உண்டா?
— சிறு அருங்காட்சியகப் பொறுப்பாளர்

உண்டு, எங்களுக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஒரு தொடுதிரை, அதில் ஓவியம், பார்வையாளர் விரலை நகர்த்தினால் விளக்கு நகர்ந்ததுபோல் நிழல்கள் மாறும். இதை ஆர்டிஐ (Reflectance Transformation Imaging) என்பார்கள். 2001இல் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் வெளியிட்ட கணித முறையிலிருந்து வளர்ந்தது.

தேவையானவை: கேமரா, ஆட்டம் இல்லாத தாங்கி, ஒரு ஃபிளாஷ், நூல், பளபளக்கும் இரண்டு கறுப்பு உருண்டைகள். பொருளைக் கிடத்தி, கேமராவை நேர் மேலே பூட்டுங்கள். உருண்டைகளைப் பொருளின் பக்கத்தில், சட்டகத்துக்குள், அதே மட்டத்தில் வையுங்கள். படத்தில் ஒவ்வொன்றும் 200 பிக்சலாவது விட்டம் இருக்கட்டும். நூலின் நீளம் பொருளின் மூலைவிட்டத்தைப்போல் மூன்று மடங்கு. நூலின் ஒரு முனை ஃபிளாஷில். மறுமுனையைப் பொருளின் மையத்துக்கு நேராக ஒருவர் பிடிக்க, தொட்டுவிடாமல் தூரத்தை அளந்துவிட்டு நூலை விலக்கியபின் படமெடுங்கள். குடைக்கம்பிகள்போல் 12 திசைகள். ஒவ்வொரு திசையிலும் 15 டிகிரியிலிருந்து 65 டிகிரி வரை நான்கு உயரங்கள். மொத்தம் 48 படங்கள். உருண்டையில் விழும் ஒளிப்புள்ளியை வைத்து விளக்கு எங்கே இருந்தது என்று இலவச மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளும்.

கேமரா ஒரு பிக்சல் அசைந்தாலும் முழுத் தொகுதியும் பாழ். மரத்தரையில் யாரும் நடக்கக்கூடாது. ஷட்டரைக் கையால் தொடக்கூடாது. அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது முழுக்கக் கறுப்பாக வர வேண்டும்.

செதுக்கு வேலை, கனமான வண்ணப்பூச்சு, கீறல் எழுத்து ஆகியவற்றுக்கு இது அற்புதம். மழமழப்பான நீர்வண்ணத்துக்கு எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

தொட்டால் பதில் சொல்லும் சுவர் வைக்கலாமா?
— பள்ளி ஆசிரியை

வைக்கலாம். சுவரை ஒட்டி லேசர் கதிரை ஓடவிட்டுத் தூரத்தை அளக்கும் லைடார் சென்சார் கைகளின் இடத்தைச் சொல்லிவிடும். கூரையிலிருந்து பார்க்கும் ஆழமறி கேமராவுக்குக் கறுப்பு உடையும் மினுங்கும் தரையும் ஆகாது. கை நகர்ந்தபின் படம் பத்தில் ஒரு நொடிக்குமேல் தாமதித்தால் குழந்தைகள் சுவரை அறையத் தொடங்குவார்கள்; அடிவாங்கப் போவது உங்கள் சுவர்தான். கை பட்டால் பட்டாம்பூச்சி பறக்கும் என்று வைத்தால் பிள்ளைகள் தங்கள் கையை மட்டுமே பார்ப்பார்கள். கை பட்ட இடத்தில் மட்டும் அடியிலுள்ள எக்ஸ்-கதிர்ப் படம் தெரியட்டும். அப்போது ஓவியத்தைத் தேடுவார்கள்.

விஆர் கண்ணாடி வாங்கினால் இளைஞர்கள் வருவார்களே?
— அறங்காவலர் ஒருவர்

வருவார்கள், வரிசையில் நிற்பார்கள். 8 நிமிடக் காட்சிக்கு மாட்டவும் கழற்றவும் துடைக்கவும் 4 நிமிடம் சேர்த்தால் ஒரு கண்ணாடியில் மணிக்கு 5 பேர். ஆறு கண்ணாடிகளில் 30 பேர். மேலே சொன்ன 12×8 அறையில் ஆளுக்கு 3 சதுர மீட்டர் என்றாலும் 32 பேர் ஒரே நேரத்தில் நிற்கலாம். மணிக்கு நான்கு காட்சி என்றால் 128 பேர். தனியாக ஒருவருக்கு மட்டும் காட்ட வேண்டியது இருந்தால்தான் கண்ணாடி. 2019இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் தன் லியொனார்டோ கண்காட்சியில் மோனாலிசாவுக்கு விஆர் காட்சி வைத்தது. அந்த ஓவியத்தை அருகில் நின்று நிதானமாகப் பார்க்கக் கூட்டமும் கண்ணாடித் தடுப்பும் விடுவதில்லை. அங்கே தேவை இருந்தது. உங்கள் ஓவியத்தின் முன் அப்படிக் கூட்டம் இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போடுங்கள்.

சிதைந்த பகுதிகளைச் செயற்கை நுண்ணறிவால் நிரப்பிக் காட்டுவது சரியா?
— ஓவியர்

எது ஊகம் என்று தெரியும்வரை சரி. ‘இரவுக் காவல்’ 1715இல் வேறு கட்டடத்துக்குப் போனபோது, சுவருக்குப் பொருந்தவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன்பே கெர்ரிட் லுண்டன்ஸ் வரைந்திருந்த சிறிய பிரதி தப்பியிருந்தது. 2021இல் அதை ஆதாரமாக வைத்து, ரெம்ப்ராண்டின் பாணியைக் கற்ற மென்பொருளால் இழந்த ஓரங்களை உருவாக்கி, அச்சிட்டு, மூலத்தைச் சுற்றிலும் சில மாதங்கள் மாட்டினார்கள். மூலத்தின் மேல் எதுவும் ஒட்டவில்லை. ஆதாரம் இருந்தது, எல்லை தெரிந்தது, பிறகு கழற்றவும் முடிந்தது. ஆதாரப் பிரதி எதுவும் இல்லாமல் மென்பொருளை மட்டும் கேட்டால், அது அழகான ஒரு பொய்யைத் தரும். நிரப்பிய பகுதியைச் சில நொடிக்கு ஒருமுறை மறைத்து மறைத்துக் காட்டினால் பெயர்ப்பலகையே தேவைப்படாது.

காட்சி பயன் தந்ததா என்று எப்படி அளப்பது? ‘பிடித்திருந்ததா’ என்று கேட்டால் எல்லோரும் ‘ஆம்’ என்கிறார்கள்.
— அருங்காட்சியகக் கல்வி அலுவலர்

அந்தக் கேள்வியைத் தூக்கிப்போட்டுவிட்டு நிறுத்துகடிகாரத்தை எடுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் செய்து 2001இல் வெளியான ஆய்வில் ஓர் ஓவியத்தின் முன் மக்கள் நின்ற நேரம் சராசரி 27.2 நொடி, நடுமதிப்பு 17 நொடிதான். ஒரு சிலர் வெகுநேரம் நின்று சராசரியை இழுத்துவிடுவார்கள் என்பதால் நீங்களும் நடுமதிப்பையே எடுங்கள். காட்சி ஓடும் நாளில் நூறு பேர், நிறுத்தியிருக்கும் நாளில் நூறு பேர். இரு தரப்பினரும் மூல ஓவியத்தின் முன் எத்தனை நொடி நின்றார்கள்? வாசலில் ஒரே கேள்வி கேளுங்கள்: “அந்த ஓவியத்தில் இடது கை என்ன செய்துகொண்டிருந்தது?”

முதியவர்கள் சிலருக்குத் தலைசுற்றுகிறது.
— வழிகாட்டி

தரையில் படம் ஓடுவதை முதலில் நிறுத்துங்கள். சுவரில் படம் நகரும் வேகத்தை நொடிக்கு 30 செ.மீ.க்குள் வையுங்கள். நொடிக்கு 60 படம் (ஃபிரேம்) ஓடினால் ஒவ்வொரு படத்துக்கும் 5 மி.மீ. நகர்வுதான், வழுக்கிக்கொண்டு போகும். நொடிக்கு ஒரு மீட்டர், 25 படம் என்றால் 4 செ.மீ. தாவித் தாவிப் போகும். கண்ணும் தலையும் நோகும். சுவரின் அடியில் அசையாத ஒரு மெல்லிய ஒளிக்கோடு இருந்தால் உடலுக்குப் பிடிமானம் கிடைக்கும். முதுகுச் சாய்வுள்ள பெஞ்சுகளை நடுவில் போடுங்கள். எந்த ஒளியும் நொடிக்கு மூன்று முறைக்குமேல் மின்னக்கூடாது; வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. வெளியேறும் வழி எங்கே என்று காட்சி தொடங்குமுன் நீங்களே கைகாட்டிச் சொல்லிவிடுங்கள், இருட்டில் தேடவிடாதீர்கள்.